குட்டியின் மூட்டு வீக்கம்: முதல் ஊசிக்கு முன் செய்ய வேண்டியவை

செம்மறிக் குட்டி நொண்டுகிறது என்றதும் கை ஊசி மருந்துப் பக்கம்தான் போகும். என்ன கிருமி என்று கண்டுபிடிக்கும் வாய்ப்பு பெரும்பாலும் அங்கேயே கைநழுவிவிடுகிறது. ஆன்டிபயாடிக் ஒரு தடவை போட்ட பிறகு எடுக்கும் மூட்டு நீரில் பல நேரம் ஆய்வகத்தில் கிருமி எதுவும் வளராது. ஆகவே நாங்கள் வைத்திருக்கும் வரிசை: பார், தொடு, மாதிரி எடு, பிறகு மருந்து. நான்கையும் ஒரே மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். மருந்தைத் தள்ளிப்போட வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஓரிரு நாள் தாமதித்தாலே மூட்டுக் குருத்தெலும்பு அரிக்கத் தொடங்கிவிடும்.

முதலில் வயதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறந்து 5 முதல் 10 நாளான குட்டிகள் பல ஒன்றன்பின் ஒன்றாக நொண்டினால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் டிஸ்கலாக்டியே என்ற பாக்டீரியா மேல்தான் முதல் சந்தேகம். இரண்டு மாதம் தாண்டிய குட்டி விறைத்து நடக்கிறது, மூட்டு பெரிதாக வீங்கவும் இல்லை என்றால் எரிசிபெலோத்ரிக்ஸ் என்ற வேறொரு பாக்டீரியாவைத் தேட வேண்டும். நொண்டலோடு கண் சிவந்து நீர் வடிந்தால் கிளமிடியா என்ற பாக்டீரியாவும் பட்டியலில் சேரும். அது ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் சாதாரண ஊடகத்தில் வளராது, பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) தனியாகக் கேட்க வேண்டும்.

தூக்குவதற்கு முன் தூரத்தில் நின்று பாருங்கள். மற்ற குட்டிகள் தாயின் பின்னால் ஓடும்போது இது படுத்தே கிடக்கும். எழுந்தாலும் மூன்று காலில் நிற்கும், அல்லது முன்னங்கால் முட்டியை ஊன்றி நகரும். பிறகு வெப்பமானியை ஆசனவாயில் வையுங்கள். குட்டிக்கு 39 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. 40.5-க்கு மேல் போனால் காய்ச்சல். ஆனால் பால் குடிக்காமல் துவண்ட குட்டியில் கிருமி இருந்தும் வெப்பம் இறங்கியே இருக்கும், அந்த எண்ணை நம்பி ஏமாற வேண்டாம்.

தொட்டுப் பார்ப்பதில் அவசரம் கூடாது. குட்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, குளம்பிடுக்கில் தொடங்கி மேலே வாருங்கள்: கணு, முட்டி, முழங்கை, தோள், பின்னங்காலிலும் இதேபோல் இடுப்பு வரை. ஒவ்வொரு மூட்டையும் எதிர்க்கால் மூட்டோடு ஒப்பிட வேண்டும். தசைநாருக்கு இருபுறமும் விரல் வைத்து ஒருபுறம் அழுத்தினால், நீர் கோத்த மூட்டில் மறுபுறம் தளும்பும். முதல் நாளில் வீக்கமே தெரியாது. சூடும், மடக்கும்போது காலை இழுத்துக்கொள்வதும்தான் அடையாளம். வீங்கிய ஒரு மூட்டைக் கண்டதும் நிறுத்திவிடுவது வழக்கமான தவறு. இரண்டாவது, மூன்றாவது மூட்டு சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கலாம்.

தொப்புளையும் பாருங்கள். தடித்து ஈரமாக இருந்தாலோ, வயிற்றுக்குள் பென்சில் போல ஒரு தண்டு தட்டுப்பட்டாலோ, கிருமி நுழைந்த வழி அதுவாக இருக்கலாம். தொப்புள் நன்றாகக் காய்ந்திருப்பதால் மட்டும் மூட்டு நோய் இல்லை என்றாகிவிடாது. காதில் அடையாளத் தோடு குத்திய இடம், வாலைக் குறைக்கப் போடும் வளையம், ஏன் வாய் வழியாகக்கூடக் கிருமி போகும். சீம்பால் போதாத குட்டிக்கு எல்லா வாசலும் திறந்தே கிடக்கும்.

குழப்பும் நோய்கள் சில உண்டு. செலினியம், வைட்டமின் ஈ குறைந்தால் தசை கெட்டியாகி இரு பக்கமும் ஒரேபோல் விறைக்கும். காய்ச்சலும் மூட்டு வீக்கமும் இருக்காது. தாமிரக் குறைவில் பின்பக்கம் தள்ளாடும், வலி இருக்காது. பின்னங்கால் இரண்டும் திடீரென விழுந்து மூட்டுகள் நன்றாக இருந்தால் முதுகெலும்பில் சீழ்க்கட்டியை நினையுங்கள். எலும்பு முறிவில் வலி மூட்டில் இல்லாமல் இரண்டு மூட்டுகளுக்கு நடுவே இருக்கும். எக்ஸ்ரே முதல் வாரத்தில் பெரிதாக உதவாது. எலும்பு அரிப்பு படத்தில் தெரிய 10 முதல் 14 நாள் ஆகும்.

மூட்டு நீர் எடுப்பது கால்நடை மருத்துவரின் வேலை. பிடித்துக்கொள்பவருக்கும் முறை தெரிந்திருக்க வேண்டும். முன்னங்கால் முட்டிதான் எளிது. மடக்கினால் முன்பக்கம் ஒரு பள்ளம் விழும், தசைநாரைத் தொடாமல் அதில் ஊசி இறங்கும். மயிரை மழித்து, குளோர்ஹெக்சிடின் போட்டுத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். புண்பட்ட தோல் வழியாக ஒருபோதும் குத்தக் கூடாது, இல்லாத கிருமியையும் உள்ளே தள்ளிவிடும். 20 அல்லது 21 கேஜ் ஊசி, 2 மில்லி சிரிஞ்சு போதும். நீர் வரவில்லை என்றால் உள்ளே ஃபைப்ரின் (உறைந்த புரத இழை) கட்டி ஊசியை அடைத்திருக்கும். துளை பெரிய 18 கேஜுக்கு மாறலாம், அல்லது 1 மில்லி மலட்டு உப்புநீர் செலுத்தி உறிஞ்சலாம். அப்படி எடுத்ததில் உயிரணு (செல்) எண்ணிக்கை நீர்த்துப்போகும் என்பதால் கிருமி வளர்ப்புக்கு மட்டும் அனுப்புங்கள்.

நல்ல மூட்டு நீர் தெளிவாக, வெளிர் மஞ்சளாக, இரு விரலுக்கு நடுவே இழையாக நீளும். கெட்டது கலங்கி, தண்ணீர் போல் சொட்டும். சில துளிகள் ஈடிடிஏ (உறையாமல் தடுக்கும் மருந்து) குழாயில் அணு எண்ணிக்கைக்கு, மிச்சம் கிருமி வளர்க்க ரத்த வளர்ப்புக் குப்பியில். அந்தக் குப்பியைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். ஈடிடிஏ குழாய்க்குக் குளிர் வேண்டும். ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி உலர்த்தி அனுப்பினால், பாக்டீரியாவை வகைபிரிக்கும் கிராம் சாயத்தில் அன்றே துப்பு கிடைக்கும்: சங்கிலியாகக் கோத்த ஊதா உருண்டைகள் ஸ்ட்ரெப்டோகாக்கஸைக் காட்டும். வெள்ளையணு ஒரு மைக்ரோலிட்டருக்கு 500-க்குள் இருப்பது நல்ல மூட்டு. 30,000-க்கு மேல் போய், பத்தில் எட்டுக்கு மேல் நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளையணுவாக இருந்தால் கிருமித் தொற்று ஏறக்குறைய உறுதி.

"வளர்ச்சி இல்லை" என்று ஆய்வகம் சொன்னாலும் அணு எண்ணிக்கை ஏறியிருந்தால் நாங்கள் தொற்று என்றே எடுத்துக்கொள்கிறோம். கிருமி நீரில் மிதப்பதைவிட மூட்டின் உள்சவ்வில் ஒட்டியிருப்பதே அதிகம்; நாள்பட்ட மூட்டிலோ கிருமி செத்து சேதம் மட்டும் மிஞ்சியிருக்கும். அதனால் பல வாரம் நொண்டிய எலும்புந்தோலுமான குட்டியை மாதிரிக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். நேற்றோ இன்றோ நொண்டத் தொடங்கிய, மருந்து தொடாத மூன்று குட்டிகளாவது வேண்டும். அதில் ஒன்று இறந்துவிட்டால், மூட்டைத் திறக்காமல் குட்டியை முழுதாகவே ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள். சவ்விலிருந்து அவர்களே மாதிரி எடுப்பார்கள். படிவத்தில் வயது, எத்தனை குட்டி நொண்டுகிறது, எந்த மூட்டு, என்ன மருந்து எப்போது போட்டது எல்லாம் எழுதுங்கள். போட்ட மருந்தை மறைத்து எழுதினால் "வளர்ச்சி இல்லை" என்ற பதிலுக்கு என்ன அர்த்தம் என்று யாராலும் சொல்ல முடியாது.