அலகிட்டாயிற்றா? தளையையும் ஒரு நடை பாருங்கள்

தமிழ்த் தேர்வில் யாப்புக் கேள்வி என்றாலே பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதுதான் பிடித்த கேள்வி. கட்டுரைக்கு எவ்வளவு மதிப்பெண் விழும் என்று யாரும் சொல்ல முடியாது. அலகிட்டது, அதாவது செய்யுளின் சீர்களை அசை பிரித்து வாய்பாடு எழுதியது, சரியா தப்பா என்பது தேர்வு அறையிலேயே தெரிந்துவிடும்.

நேர், நிரை என்ற அசைகளும் தேமா, புளிமா என்ற சீர் வாய்பாடுகளும் எப்படியும் மனப்பாடமாக இருக்கும். பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரு சீர் முடிவதும் அடுத்த சீர் தொடங்குவதும் பொருந்துகிறதா என்ற தளையைப் பார்ப்பதில்லை. வெண்பாவில் (குறளும் வெண்பாதான்) மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர்தான் வரும். 'மா முன் நிரை' என்றால் மா என்று முடியும் வாய்பாட்டுச் சீருக்கு அடுத்த சீர் நிரையில் தொடங்கும் என்று பொருள். வேறு ஏதாவது வந்தால் வள்ளுவரைச் சந்தேகிக்காதீர்கள், நீங்கள் அசை பிரித்ததைப் பாருங்கள்.

'கற்க கசடறக் கற்பவை கற்றபின் / நிற்க அதற்குத் தக' என்பதை எடுத்துக்கொள்வோம். கற்/க தேமா, கச/டறக் கருவிளம், கற்/பவை கூவிளம், கற்/றபின் கூவிளம், நிற்/க தேமா, அதற்/குத் புளிமா, ஓரசையான கடைசிச் சீர் தக மலர். ஒரு காய்ச்சீர்கூட இல்லை. முழுக்க மா முன் நிரையும் விளம் முன் நேரும் வரும் இயற்சீர் வெண்டளை. பழக ஆரம்பிப்பவர்களுக்கு ஏற்ற குறள்.

அப்புறம் 66-ஆம் குறளுக்கு வாருங்கள். 'குழலினி தியாழினி தென்பதம் மக்கள்' என்று சீர் பிரித்து அச்சிட்டிருந்தால் குழ/லினி கருவிளம். அடுத்த சீரைத் தியா/ழினி என்று பிரித்தால் விளம் முன் நிரை வந்து ஆசிரியத்தளை ஆகிவிடும். வெண்பாவில் அதற்கு இடமில்லை. 'தி'யில் இருப்பது குற்றியலிகரம், அதாவது குறுகி ஒலிக்கும் இகரம். தளை கெடும் இடத்தில் அதற்கு அலகு கிடையாது. யா/ழினி கூவிளம் என்று எழுதினால் தளை பொருந்திவிடும். வேடிக்கை என்னவென்றால், 'குழலினிது யாழினிது என்பதம்' என்று அச்சிட்டிருந்தாலும் தளை தட்டாது. கருவிளங்காய், கூவிளங்காய் என்று காய்ச்சீர்களாகிக் காய் முன் நேர் வரும். ஆகவே வினாத்தாளில் சீர் எப்படிப் பிரிந்திருக்கிறதோ அப்படியே அலகிடுங்கள். மனப்பாடமாக வைத்திருக்கும் விடையை எழுதாதீர்கள்.

குறளின் கடைசிச் சீரான ஈற்றுச்சீரில் 'உலகு' போல நிரையசையோடு குற்றியலுகரம் (குறுகி ஒலிக்கும் உகரம்) சேர்ந்து வந்தால் அதன் வாய்பாடு 'பிறப்பு'.

தொடை, அதாவது சீர்களிலும் அடிகளிலும் எழுத்து ஒன்றிவரும் அமைப்பு, கேட்டால் 'எதுகை, மோனை உள்ளன' என்று பொதுவாக எழுதாமல் பெயரோடு எழுதுங்கள். 'கற்க' குறளின் முதலடி நான்கு சீரிலும் ககரம்: முற்று மோனை. ஒன்று, மூன்று, நான்காம் சீர்களில் இரண்டாம் எழுத்து ற்: மேற்கதுவாய் எதுகை. கற்க, நிற்க: அடியெதுகை. பெயர் எழுதிச் சீர்களுக்கு அடிக்கோடும் போட்டுவிட்டால் திருத்துபவர் தேட வேண்டியதில்லை.