மாவு விற்றவனின் 555 புத்தகம்

தோசை மாவு வியாபாரம் தொடங்கி நான்கு மாதம் முடிந்த அன்று, என் மனைவி 555 புத்தகத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் புத்தகத்தை விளக்க வேண்டியதில்லை. உள்ளங்கை அகலம், அட்டையில் மூன்று ஐந்துகள், உள்ளே முழுக்கக் கடன் கணக்கு. தோட்டத்து மளிகைக் கடையில் என் அம்மா பெயரிலும் ஒன்று இருந்தது. இப்போது எழுதிவைக்கிற பக்கம் நான் வந்துவிட்டேன். கூட்டிப் பார்த்தோம். 185 வெள்ளி, அதாவது ரிங்கிட், வெளியில் நின்றது.

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் நான் எடைமேடைக் கிராணி, லாரிகளை நிறுத்துக் கணக்கு எழுதுகிறவன். குலைகளோடு லாரி வரும், நிறுப்பேன். கொட்டிவிட்டுத் திரும்பும், மறுபடியும் நிறுப்பேன். நாள் முழுக்கக் கழித்தல் கணக்குத்தான். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. என் சம்பளம் அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். பிள்ளைகள் இரண்டு பேர். மீதியை நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.

தோசை மாவைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் இல்லை. எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், பாதிப் பெண்கள் விடியற்காலையில் தொழிற்சாலை பஸ் ஏறுகிறவர்கள். உளுந்து ஊறவைத்து அரைக்க யாருக்கு நேரம் இருக்கிறது? எங்கள் வீட்டில் மாமியார் விட்டுச்சென்ற கிரைண்டர் இருந்தது.

முதல் வாரம் நாசம். தமிழ்நாட்டுக் காணொளியைப் பார்த்து இரவு முழுக்கப் புளிக்க வைத்தேன். இந்த ஊர்ப் புழுக்கத்துக்கு அது சரிப்படுமா? அதிகாலை நான்கு மணிக்கு வாளி பொங்கி, மாவு அடுப்படித் தரையெல்லாம் நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. புழுங்கலரிசி நான்கு பங்கு, உளுந்து ஒரு பங்கு, ஒரு கை வெந்தயம். உளுந்தைத் தனியாக, ஐஸ் தண்ணீர் விட்டு முதலில் அரைக்க வேண்டும். கல் சூடேறினால் உளுந்து பொங்காது, மாவு கனத்துப்போகும். கலந்து மூன்று மணி நேரத்தில் பையில் கட்டிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுவேன், மீதிப் புளிப்பு வாங்குகிறவர் வீட்டில். பையின் மேல் மூலையில் ஊசியால் ஒரு துளை. அது இல்லாவிட்டால் பை பலூனாகிவிடும். ஒருமுறை மோட்டார் சைக்கிள் கூடையிலேயே வெடித்தது. அந்தக் கதை வேண்டாம்.

வியாபாரப் பதிவுக்குச் சொந்தப் பெயர் என்றால் வருடம் 30 வெள்ளி, கடைப்பெயர் என்றால் 60. மனைவிக்குக் கடைப்பெயர்தான் வேண்டுமாம், 60 கட்டினேன். டைபாய்டு ஊசியும் உணவு கையாளுவோர் பயிற்சியும் இருவருக்கும் ஆயிற்று.

ஒரு கிலோ பொட்டலத்துக்கு அரிசி, உளுந்து, பை, மின்சாரம், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 3.30 ஆகிறது. விற்பது 5 வெள்ளி. 185 வெள்ளி என்பது 37 பொட்டலம். அதற்குப் போட்ட அசல் 122 வெள்ளி; ஒரு பொட்டலத்தில் நிற்பது 1.70தான் என்பதால், அந்த அசலை மீட்க மட்டும் இன்னும் 72 பொட்டலம் அரைத்து விற்க வேண்டும். இதைச் சொன்னதும் மனைவி ஒன்றும் பேசவில்லை. கிரைண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

சரி, கேட்டுவிடுவோம் என்று கிளம்பினேன். பட்டியலில் முதல் பெயர் ஒரு பெரியம்மா, 45 வெள்ளி. என் அம்மாவோடு ஒரே நிரையில் பால் மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவர். "வா தம்பி, சாப்பிட்டாயா?" என்றார். உட்கார்ந்தேன். தேநீர் வந்தது. அம்மாவின் கால் வலியைப் பற்றிக் கேட்டார். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு கட்டு முருங்கைக்கீரையுமாக வீடு திரும்பினேன். காசைப் பற்றி வாயே திறக்கவில்லை. லாரி ஓட்டுநர்களிடம் கிலோக் கணக்கில் சண்டை போடுகிற எனக்கு, ஐந்து வெள்ளி கேட்க நாக்கு எழவில்லை.

வழி காட்டியது மனைவிதான். "இதே அக்காமார் கூட்டுப் பணத்தை ஒரு நாளாவது தாமதித்திருக்கிறார்களா?" என்று கேட்டார். தமிழ்நாட்டில் சீட்டு என்பதைத்தான் இங்கே கூட்டு என்கிறோம். 1971-இல் அரசாங்கம் சட்டம் போட்டுத் தடுத்தது, ஆனாலும் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்துக்கு லயம் ஓடியது. சம்பளம் வாங்கிய கையோடு முதலில் கூட்டுக்குத்தான் எடுத்து வைப்பார்கள். என் தாத்தாவும் அப்படித்தான். தோட்டங்களைத் தொழிலாளர்களே சேர்ந்து வாங்க அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு மாதம் பத்து வெள்ளி கட்டி ஒரு பங்கு வாங்கினார். தின்று முடித்த மாவுக்குக் காசு கொடுக்கத்தான் எங்கள் ஆட்களுக்குக் கசக்கிறது. வரப்போவதற்கு முன்கூட்டியே கட்டச் சொன்னால் தயங்குவதில்லை.

ஆகவே அட்டை அடித்தோம். எட்டுக் கட்டம், எட்டுப் பொட்டலம், 38 வெள்ளி முன்பணம். மாதம் ஏழாம் தேதிக்குள் சம்பளம் போட்டாக வேண்டும் என்பது சட்டம் என்பதால், எட்டாம் தேதி மாலை அட்டையோடு போவேன். கடன் வைத்திருந்த பதினான்கு வீடுகளில் பதினோரு வீடுகள் அட்டைக்கு மாறின. பழைய பாக்கியையும் அதே கையோடு கொடுத்தார்கள், நான் கேட்காமலே. இரண்டு வீடுகள் மாவு வாங்குவதையே நிறுத்திவிட்டன, வழியில் பார்த்தால் சிரிப்பதோடு சரி. மாதம் செலவு போக 250 வெள்ளி அளவில் நிற்கிறது. வேலையை விடுகிற தொகை இல்லை. மகளின் டியூஷனுக்கும் மோட்டார் சைக்கிள் தவணைக்கும் சரியாக இருக்கிறது.

பெரியம்மா அட்டை வாங்கவில்லை. "அதெல்லாம் எனக்கெதற்கு, நீதான் எழுதி வைத்திருக்கிறாயே" என்றார். சனிக்கிழமை தோறும் ஒரு பொட்டலம் போகிறது, கீரையோ கறிவேப்பிலையோ திரும்பி வருகிறது. போன வாரம் புத்தகத்தைப் புரட்டினேன். அவர் பக்கத்தில், வரவு எழுதும் இடத்தில், மனைவியின் கையெழுத்தில் "முருங்கைக்கீரை 2 கட்டு, பப்பாளி 1" என்று இருந்தது. தொகை போடவில்லை.