நின்றால் அணையும் வண்டி: ஐடில் மோட்டாரைச் சோதித்துப் பார்த்த அனுபவம்

என் மோட்டார்சைக்கிள் ஓடும்போது ஒரு குறையும் இல்லை. சிக்னலில் ஆக்சிலேட்டரை விட்டதும் எஞ்சின் சுழலும் வேகம் (ஆர்பிஎம்) 1000க்குக் கீழே இறங்கி எஞ்சின் அணைந்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்தால் வழக்கமாகச் சிறிது நேரம் 1800 வாக்கில் ஓடி, சூடேறியதும் 1400க்கு இறங்கும் வண்டி அது. இப்போது ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் ஓடியது. ரொம்பப் படுத்தியது சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில்தான். ஜொகூருக்குப் போகும் கடற்பாலத்தை நோக்கி ஊர்ந்து போகும் மோட்டார்சைக்கிள் வரிசையில், ரேடியேட்டர் ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும் வண்டி அணையும். எச்சரிக்கை விளக்கு மட்டும் எரியவே இல்லை.

ஒரு கடையில் காட்டினேன். எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியை முழுசாக மாற்றச் சொன்னார்கள். 2022இல் மோட்டார்சைக்கிள் சிஓஇ (வண்டியை 10 ஆண்டு வைத்திருக்க வாங்கும் உரிமைச் சான்றிதழ்) 10,000 வெள்ளியைத் தாண்டிய பிறகு, கையில் இருக்கும் வண்டியை 10 ஆண்டும் நன்றாக வைத்து ஓட்டவேண்டும் என்று நினைப்பவன் நான். செலவு செய்யத் தயங்கவில்லை. ஆனால் மீட்டரை வைத்துக்கூடப் பார்க்காமல் பாகத்தை மாற்றுவதை, மின் பராமரிப்பு வேலையில் இருக்கும் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில், த்ராட்டில் பாடியில் இருக்கும் ஐடில் மோட்டார் என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். ஆக்சிலேட்டரை முழுசாக விட்டால் த்ராட்டில் தட்டு மூடிக்கொள்ளும். ஆனாலும் எஞ்சின் ஓடக் காற்று வேண்டும். அதற்காகத் தட்டைச் சுற்றி ஒரு சின்னப் பக்கவழி வைத்திருக்கிறார்கள். அந்த வழியில் ஒரு கூம்பு முனை முன்னும் பின்னும் நகர்ந்து காற்றைக் கூட்டும், குறைக்கும். அதை நகர்த்துவதுதான் ஐடில் மோட்டார். பெரும்பாலும் அது ஸ்டெப்பர் வகை. உள்ளே 2 காயில் (கம்பிச்சுருள்), வெளியே 4 ஒயர். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ மாற்றி மாற்றி மின்துடிப்பு அனுப்ப, துடிப்புக்கு ஒரு படியாக மோட்டார் திரும்பும். அந்தச் சுழற்சியை மரைத்தண்டு நேர் நகர்வாக மாற்றும். எஞ்சின் குளிர்ந்திருந்தால் வழியைக் கூடுதலாகத் திறக்கும். ஃபேன் ஓடி ஆல்டர்னேட்டரில் சுமை ஏறினாலும் சில படிகள் திறந்து ஈடுகட்டும்.

ஆனால் முனை உண்மையில் எங்கே நிற்கிறது என்று ஈசியூவுக்குச் சொல்ல சென்சார் கிடையாது. கண்ணைக் கட்டிக்கொண்டு படிகளை எண்ணி மாடியேறுபவர் போலத்தான் அது வேலை செய்கிறது. அதனால் சாவியைப் போடும்போதோ அணைத்த பிறகோ, முனையை ஒரு பக்கம் கடைசிவரை தள்ளி முட்டவைத்து, அந்த இடத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொள்ளும். சாவி போட்டதும் சீட்டுக்கு அடியில் கேட்கும் ‘விர்ர்’ சத்தத்தில் இந்த மோட்டாருக்கும் பங்கு உண்டு. நடுவில் ஒரு படி தவறினாலும் ஈசியூ தன் கணக்கையேதான் நம்பும்.

நிறுத்திய வண்டியின் எஞ்சினைத் தேவையில்லாமல் ஓடவிடுவது இங்கே குற்றம். அதனால் எஞ்சின் ஓட வேண்டிய சோதனைகளுக்குக் காக்கி புக்கிட்டில் பட்டறை வைத்திருக்கும் தெரிந்த அண்ணனிடம் போனேன். “மோட்டாரைக் கடைசியா பாரு தம்பி. முதல்ல காத்து எங்க திருட்டுத்தனமா போகுதுன்னு பாரு” என்றார். பேட்டரி, ஏர் ஃபில்டர், ஆக்சிலேட்டர் கேபிளின் தளர்வு எல்லாம் சரி. இன்டேக் ரப்பரைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் அடித்தோம். வெடிப்பு இருந்தால் தண்ணீர் உள்ளே இழுபட்டு எஞ்சின் சத்தம் மாறும். மாறவில்லை. ஈசியூவில் பிழைக் குறியீடும் இல்லை. பல ஹோண்டா வண்டிகளில் ஐடில் வால்வு சர்க்யூட் கெட்டால் விளக்கு 2 முறை நீளமாகவும் 9 முறை குட்டையாகவும் மின்னும், அதாவது 29. சுசுகியில் சி40. ஆனால் விட்டுவிட்டு வரும் கோளாறு குறியீடாகப் பதியாமலே போகலாம் என்று அண்ணன் அப்போதே எச்சரித்தார்.

அப்புறம் மல்டிமீட்டர். கனெக்டரைக் கழற்றி, மோட்டாரின் 4 பின்களில் எந்த இரண்டு ஒரு ஜோடி என்று பார்த்தேன். இரண்டு காயிலும் ஏறக்குறைய ஒரே ஓம்ஸ் (மின்தடை) காட்டவேண்டும். ஒரு காயிலுக்கும் மற்றதற்கும் இடையே தொடர்பு இருக்கக்கூடாது, மோட்டாரின் உடம்போடும் இருக்கக்கூடாது. எல்லாம் சரியாக இருந்தது. சவாரி முடிந்த சூட்டில் மறுபடி அளந்தபோது மதிப்பு கூடியிருந்தது. அதைக் கண்டு மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்டவேண்டாம். செம்புக் கம்பியின் தடை 1 டிகிரிக்குச் சுமார் 0.4 விழுக்காடு ஏறும். 50 டிகிரி சூடேறினால் ஐந்தில் ஒரு பங்கு கூடும். இரண்டும் ஒன்றுபோலக் கூடியிருந்தால் காயில் நலம். இன்னொன்று: ‘ஓடுதா பார்ப்போம்’ என்று காயிலுக்கு நேராக 12 வோல்ட் கொடுக்காதீர்கள், வெந்துவிடலாம்.

மோட்டாரைக் கழற்றினோம். முனையிலும் அது உட்காரும் துளையிலும் பிசுபிசுப்பான கரி. எஞ்சினின் பிரீதர் குழாய் வழியாக ஏர்பாக்ஸுக்கு (ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டிக்கு) வரும் எண்ணெய் ஆவிதான் இப்படிப் படிகிறது. துளை சுருங்கிவிட்டதால் ஈசியூ எத்தனை படி திறந்தாலும் காற்று போதவில்லை. துணியில் த்ராட்டில் கிளீனரை நனைத்துத் துடைத்தோம். முனையைக் கையால் தள்ளவோ இழுக்கவோ கூடாது, உள்மரை போய்விடும். கிளீனரை மோட்டாருக்குள் இறங்கவிடவும் கூடாது. ஓ-ரிங்கைப் புதிதாகப் போட்டோம்.

காலை ஸ்டார்ட் உடனே சரியானது. ஆனால் ஃபேன் சுற்றும்போது வண்டி அணைவது எப்போதாவது திரும்பி வந்தது. கரிதான் காரணம் என்று அதோடு விட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்காது. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஒயர்களை மெதுவாக ஆட்டிக்கொண்டே ஃபேன் ஓடும்வரை காத்திருந்தோம். கனெக்டர் பக்கம் ஆட்டியபோது ஆர்பிஎம் சரிந்தது. கழற்றிப் பார்த்தால் ஒரு பின்னில் பச்சைப் பூச்சு, அதைப் பிடிக்கும் டெர்மினலும் விரிந்திருந்தது. அந்த ஒரு தொடர்பு விட்டுப்போகும் நேரத்தில் ஒரு காயில் செத்துவிடும். ஈசியூ ‘திற’ என்று படிகளை அனுப்பும், மோட்டாரோ நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருக்கும்.

கான்டாக்ட் கிளீனர் அடித்து, டெர்மினலை மெல்லிய ஊசியால் இறுக்கி, நீர் புகாமலிருக்க டைஎலெக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம் தடவினோம். பிறகு, ஈசியூ பூஜ்ய இடத்தை மறுபடி பிடித்துக்கொள்ள ரீசெட். இது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள். என் வண்டிக்கு ஆக்சிலேட்டரைத் தொடாமல் சாவியைப் போட்டு, காத்திருந்து, அணைத்து, மறுபடி போட்டாலே போதும். கரி போனதால் முதலில் ஐடில் சற்று உயர்ந்து நின்றது, ஓட்ட ஓட்ட 1400க்கு வந்துவிட்டது.

3 ஆண்டு கடந்த மோட்டார்சைக்கிளுக்கு இங்கே ஆண்டுதோறும் பரிசோதனை இருப்பதால், அதற்கு முன்பே இந்தக் கனெக்டரையும் ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொன்னார் அண்ணன். ஆயில் மாற்றும்போதெல்லாம் ஏர்பாக்ஸின் அடியிலுள்ள வடிகுழாயையும் திறந்து பார்க்கிறேன். அதில் எண்ணெய் தேங்கியிருந்தால், த்ராட்டில் பாடியையும் கழற்றித் துடைத்துவிடுகிறேன்.