கதவுகள் மூடிய பிறகு: போர்க்கப்பல் மருத்துவக் குறிப்புகள்

மார்ச் 4

போர்க்கப்பல் அடிவாங்கும் நேரத்தில் நீர்ப்புகாக் கதவுகளும் ஹாட்ச்களும் (தளங்களுக்கு இடையிலான மூடிகள்) இறுக மூடியிருக்கும். திறக்க வேண்டுமானால் சேதக் கட்டுப்பாட்டு மையத்தின் அனுமதி வேண்டும். மருத்துவ உதவியாளர் நினைத்தபடி ஓட முடியாது. தொடைத் தமனி அறுந்தவருக்கு மிஞ்சியிருப்பதோ சில நிமிடங்கள். ஆக, ரத்தத்தை நிறுத்தப்போவது பக்கத்தில் நிற்கும் இன்ஜின் ஆளோ சமையல்காரரோதான். எல்லாப் பொருளையும் சிக் பே என்ற கப்பல் மருத்துவ அறையில் பூட்டி வைக்கும் கப்பல் இதை யோசிக்கவில்லை. சிகிச்சை நிலையங்களை முன்னும் பின்னுமாகப் பிரித்து வைப்பதற்கும் காரணம் உண்டு: ஒரே அடியில் மொத்தமும் போய்விடக் கூடாது.

மார்ச் 5

டூர்னிகே, அதாவது குச்சியால் முறுக்கி இறுக்கி ரத்தத்தை நிறுத்தும் பட்டை. காயத்துக்கு மேலே 5 முதல் 7 செ.மீ. தள்ளி, மூட்டின் மேல் கூடாது. இருட்டில் காயம் தெரியாவிட்டால் உடுப்பின் மேலேயே, கை அல்லது காலின் உச்சியில். பட்டையின் தளர்வை முதலில் முழுக்க இழுத்துவிட வேண்டும். பலரும் அதை விட்டுவிட்டுக் குச்சியை மட்டும் முறுக்குகிறார்கள். மூன்று சுற்றைத் தாண்டினால் பட்டை தளர்வாக இருக்கிறது என்று பொருள். ரத்தமும் நிற்க வேண்டும், கீழே நாடியும் நிற்க வேண்டும். அரைகுறை இறுக்கம் கட்டாமல் விடுவதைவிட மோசம்: சிரை அடைபடும், தமனி ஓடும், ரத்தம் முன்னைவிட அதிகம் கொட்டும். நிற்கவில்லையென்றால் அதை ஒட்டி மேலே இன்னொன்று.

கட்டிய நேரத்தை எழுத வேண்டும். 2 மணி நேரத்துக்குள் அழுத்தக் கட்டுக்கு மாற்ற முடியுமா என்று பார்ப்பது நல்லது. 6 மணி நேரம் தாண்டியதைக் கப்பலில் அவிழ்க்காதீர்கள்.

மார்ச் 6

தொடை இடுக்கிலும் அக்குளிலும் டூர்னிகே பிடிக்காது. ரத்தம் உறைய வைக்கும் காஸ் துணியை ரத்தம் பீறிடும் இடம்வரை விரலால் திணித்து, 3 நிமிடம் முழு எடையோடு அழுத்த வேண்டும். நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது.

மார்ச் 9

தீக்காயம். கப்பலில் தீயைவிடப் புகை முந்திக்கொள்ளும். கருகிய மூக்கு முடி, சளியில் கரி, கரகரத்த குரல் தெரிந்தால் தொண்டை வீங்கிக்கொண்டிருக்கலாம். தொண்டைக்குள் சுவாசக் குழாய் போடுவதை வீக்கம் முற்றும்வரை தள்ளிப்போடக் கூடாது. விரல் நுனியில் மாட்டி ரத்த ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டரை இங்கே நம்ப முடியாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் உள்ளதாகவே படிக்கும். 98 என்று காட்டும்போதே ஆள் மயங்குவார். எண்ணைப் பார்க்காமல் முகமூடியில் நிமிடத்துக்கு 15 லிட்டர் ஆக்சிஜன் கொடுக்க வேண்டும்.

பரப்பை ஒன்பதின் கணக்கில் அளக்கலாம்: தலை 9, ஒரு கை 9, ஒரு கால் 18, நடுவுடலின் முன்புறம் 18, பின்புறம் 18 சதவீதம். வெறும் சிவப்பைச் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் திரவம் மிகுந்து வீக்கம் கூடும். 20 சதவீதத்துக்கு மேலென்றால் சிரை வழியே ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல். 40 முதல் 80 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு, சதவீதம் பெருக்கல் 10 மி.லி.; 80-க்கு மேல் ஒவ்வொரு 10 கிலோவுக்கும் 100 மி.லி. கூடுதல். 40 சதவீதம் வெந்த 100 கிலோ ஆளுக்கு மணிக்கு 600 மி.லி. இது தொடக்கம்தான், பிறகு சிறுநீர் மணிக்கு 30 முதல் 50 மி.லி. வரும்படி கூட்டிக் குறைக்க வேண்டும். கப்பல் உருளும்போது தொங்கும் பாட்டில் ஆடி ஓட்டம் மாறும், அதனால் அழுத்தப் பை கட்டுவது மேல்.

மோதிரத்தை முதலிலேயே கழற்றிவிட வேண்டும். 1982 ஃபாக்லாந்து போரில் வெந்த கைகளுக்கு வெள்ளி சல்ஃபடயசீன் களிம்பு தடவிப் பிளாஸ்டிக் பைக்குள் விட்டார்கள். உள்ளே விரல் அசையும்.

மார்ச் 12

கப்பலுக்கு அடியில் கடல் கண்ணிவெடி வெடித்தால் தளம் மேலே எகிறி அடிக்கும். குதிகால், கணுக்கால், முதுகெலும்பு முறிந்திருக்கலாம். நிற்க வைத்துப் பார்ப்பது வேண்டாம். குறுகலான ஏணி வழிக்கு நீல் ராபர்ட்சன் ஸ்ட்ரெச்சர் ஏற்றது: மரச்சட்டம் வைத்த கேன்வாஸ் உடலைச் சுற்றி இறுகும், செங்குத்தாகவே தூக்கலாம். கால்பக்கம் ஒரு வழிகாட்டிக் கயிறு இல்லையென்றால் ஆள் சுவரில் மோதுவார். ஹெலிகாப்டர் கொக்கி தளத்தைத் தொட்டு மின்னேற்றம் இறங்கும்வரை யாரும் பிடிக்கக் கூடாது. கொக்கி தொங்கும் கம்பியைக் கப்பலில் கட்டவே கூடாது.

மார்ச் 15

கப்பலின் ரத்த வங்கி மாலுமிகள்தான். எதிர்ப்பொருள் குறைந்த ஓ வகை ஆட்களைப் புறப்படும் முன்பே சோதித்துப் பட்டியலிட வேண்டும். அடிபட்ட பிறகு தேடுவது நடக்காத காரியம். ஒரு பைக்குச் சுமார் 450 மி.லி. நிரம்பும்போது பையை மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் கட்டி தட்டும். ஏற்றும் குழாயில் வடிகட்டி கட்டாயம். அதே குழாயில் ரிங்கர் லாக்டேட் கூடாது: அதிலுள்ள கால்சியம், பையில் ரத்தம் உறையாமல் காக்கும் சிட்ரேட்டை முறியடித்து ரத்தத்தை உறைய வைக்கும். நோயாளிக்கோ கால்சியம் தேவை. முதல் பைக்குப் பிறகு 1 கிராம், வேறு குழாய் வழியே. ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸமிக் அமிலம் காயம்பட்ட 3 மணி நேரத்துக்குள் மட்டும்.

ரத்தம் கொடுத்தவரை உடனே தீயணைப்புக் குழுவுக்கு அனுப்பக் கூடாது. பட்டியல் போடும்போதே அந்தக் குழுவினரின் பெயரைக் கடைசியில் வைப்பது உத்தமம்.