வெள்ளை மாதத்தில் அவலோகிதர் தரிசனம்

“கண்ணுக்கு விசேஷமான சாமின்னா, எனக்காகவும் ஒரு தடவை வலம் வந்துடுடா.” சமயபுரத்தில் வாங்கிய வெள்ளிக் கண்மலரைத் தாளில் மடித்து அம்மா என் பையில் வைத்தாள். கண் அழுத்த நோயில் அவள் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது.

நான் கிளம்பியது மங்கோலியப் புத்தாண்டான சகான் சாருக்கு. ‘வெள்ளை மாதம்’ என்று பொருள். ஜூலை 11 முதல் 13 வரை நடக்கும் நாதாம் விழாவுக்குத்தான் வெளிநாட்டவர் கூட்டம் அதிகம். மல்யுத்தம், வில்வித்தை, குதிரைப் பந்தயம் என்று யார் போனாலும் பார்த்துவிட்டு வரலாம். சகான் சார் அப்படியில்லை. கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், பண்டிகை வீட்டுக்குள் நடக்கும். யாராவது அழைத்தால்தான் உண்டு. பெங்களூரில் என்னோடு படித்த தோழி அழைத்திருந்தாள்.

முந்தின இரவுக்குப் பெயர் பிதூன். நிலா கண்ணில் படாத இரவு. உலான்பாத்தரில் அன்று மைனஸ் 25 டிகிரி. தோழியின் பாட்டி வாசலில் மூன்று பனிக்கட்டிகளை வைத்தார். பல்தன் லாம் தேவி கோவேறு கழுதைமேல் ஏறி வீடு வீடாக வரும் இரவாம் அது. அந்தக் கழுதையின் தாகத்துக்கு. உள்ளே மேஜையில் ‘உல் போவ்’ என்னும் நீள ரொட்டிகள் அடுக்கியிருந்தன. அடுக்கு ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும்: தாத்தா பாட்டி வீட்டில் 7, பெற்றோர் வீட்டில் 5, இளந்தம்பதி வீட்டில் 3. பிதூனன்று அரைவயிறு சாப்பிட்டால் வருஷம் முழுக்கப் பசி என்று எல்லோரும் இறைச்சிக் கொழுக்கட்டையான போஸை வயிறு முட்டச் சாப்பிட்டார்கள். எனக்குப் பாட்டி, திராட்சையும் வெண்ணெயும் போட்ட சோறு கிளறித் தந்தார். ஏலக்காய் மட்டும் இருந்திருந்தால் நம் வீட்டுப் பொங்கல்தான்.

விடிந்ததும் பாட்டி முதல் பால்தேநீரை வானத்துக்குத் தெளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். வயதில் மூத்தவருக்கே முதல் வணக்கம். இளையவர் இரு கைகளையும் நீட்டி, மூத்தவரின் முழங்கைகளை அடியிலிருந்து தாங்கிக்கொள்ள வேண்டும். கைகளில் நீலப் பட்டுத் துண்டான ஹதக். “அமர் பைன ஊ?” என்று கேட்கிறார்கள், அமைதியாக இருக்கிறீர்களா என்று. கணவனும் மனைவியும் மட்டும் தங்களுக்குள் இந்த வணக்கம் செய்துகொள்வதில்லை. என் முறை வந்தது. பாட்டியின் கைகள் காற்றுப்போல லேசாக என் கைகள்மேல் இருந்தன. நம் ஊரில் பெரியவர்கள் காலில் விழுகிறோம். இங்கே அவர்களைத் தாங்குகிறார்கள். இரண்டும் ஒரே பணிவுதான் என்று எனக்குப் பட்டது.

பிறகு கந்தன் பௌத்த மடத்துக்குப் போனோம். (நம் கந்தன் இல்லை, கந்தன்தெக்சின்லிங் என்பதன் சுருக்கம். ஆனாலும் அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் மனசு ஒருகணம் பழனிக்குப் போய்விட்டு வந்தது.) சன்னிதிக்குள் நுழைந்ததும் முதலில் பாதம்தான் தெரிகிறது. தலையை நிமிர்த்திக்கொண்டே போக வேண்டும். 26.5 மீட்டர் உயரம், முழுக்கப் பொன்முலாம். மிக்ஜித் ஜான்ரைசிக், அதாவது கருணையின் போதிசத்துவரான அவலோகிதர். அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதரிடம்தான் என்கிறது பழைய தமிழ் இலக்கண நூலான வீரசோழியம். எனக்கு எப்படி அவர் அந்நியராவார்?

இங்கு முதலில் இருந்த சிலை, குருவும் அரசருமான போக்த் கானின் மங்கிய பார்வை திரும்ப வேண்டி எழுப்பப்பட்டது. 1930களில் கம்யூனிஸ்ட் ஆட்சியின் அடக்குமுறையில் மடங்கள் இடிந்தன, லாமாக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள், சிலையையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஜனநாயகம் வந்தபின் மக்கள் கொடுத்த காணிக்கையில் 1996இல் மறுபடி எழுந்து நின்றார்.

சுவரோரம் வரிசையாகப் பிரார்த்தனைச் சக்கரங்கள். வலக்கையால் ஒவ்வொன்றாக உருட்டியபடி வலம் வந்தேன், எனக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. முன்னால் போன கிழவர் ஒருவர் ஒரு சக்கரத்தையும் விடவில்லை. கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எல்லாவற்றையும் தொட்டுப் போனார். பாதத்தருகே காணிக்கைத் தாள்களுக்கு நடுவில் கண்மலரை வைத்தேன். தோழி தன் ஹதக்கை அதன் பக்கத்தில் விரித்தாள். என்ன வேண்டினேன் என்று அவள் கேட்கவில்லை.

அன்றிரவு போனில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிலையின் உயரம், வலம் வந்தது, கண்மலர். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கேட்டாள்:

“வாசல்ல ஐஸ் வச்சாங்களே, அந்தக் கழுதை வந்து குடிச்சுதாடா?”

“வந்துட்டுப் போயிடுச்சுன்னு பாட்டி சொன்னாங்கம்மா.”