பிசிஆரில் ஒரே பேண்ட் வரவைப்பது: ப்ராஜெக்ட் செய்பவர்களுக்கு

எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்காக மதுரை மல்லி இலையிலிருந்து ஆர்பிசிஎல் மரபணுவின் (தாவரங்களை அடையாளம் காண உதவுவது) ஒரு பகுதியை பிசிஆரில், அதாவது டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு நகலெடுக்கும் முறையில், பெருக்கினேன். சுமார் 600 பேஸ் (டிஎன்ஏ எழுத்து) நீளத்தில் ஒரே பேண்ட் (ஜெல்லில் தெரியும் கோடு) வந்திருக்க வேண்டும். டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் வந்ததோ மூன்று. போதாததற்கு அடியில் ப்ரைமர் டைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டுகளான ப்ரைமர்கள் தமக்குள்ளேயே ஒட்டி உருவாவது) வேறு.

இப்படி வந்தால் உடனே புது கிட் கேட்டு நிற்காதீர்கள். முதலில் கை வைக்க வேண்டியது அனீலிங் வெப்பநிலையில்தான், அதாவது ப்ரைமர் டிஎன்ஏவில் ஒட்டும் வெப்பநிலையில். அது குறைவாக இருந்தால் ப்ரைமர் அரைகுறையாகப் பொருந்தும் இடத்திலும் ஒட்டிக்கொள்ளும். ஒரே நேரத்தில் வெவ்வேறு டியூபுக்கு வெவ்வேறு வெப்பநிலை வைக்கும் கிரேடியன்ட் மெஷின் இருந்தால் 52 முதல் 62 டிகிரி வரை ஒரே ஓட்டத்தில் பார்த்துவிடலாம். எங்களுக்கு 58-ல் மற்ற இரண்டும் மறைந்தன. கிரேடியன்ட் இல்லையென்றால் டச்டவுன் போடுங்கள்: ப்ரைமரின் டிஎம்மைவிட (பாதி ப்ரைமர்கள் டிஎன்ஏவிலிருந்து பிரியும் வெப்பநிலை) 5 டிகிரி மேலே தொடங்கி, சுற்றுக்கு 1 டிகிரி இறக்க வேண்டும். ஆரம்பச் சுற்றுகளில் சரியான துண்டு முந்திக்கொண்டால், பிறகு வெப்பம் இறங்கினாலும் அதுவே ஓங்கி நிற்கும்.

அடுத்து, கலவையில் சேர்க்கும் மெக்னீசியம். கூடினால் தப்பான ஒட்டலும் நிலைத்துவிடும். 1.5 மில்லிமோலாரில் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் ஒவ்வொரு முறையும் 0.5 மில்லிமோலார் வீதம் ஏற்றுங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

டைமருக்கு வருவோம். இதில் நம்ம ஊர் வெயிலுக்கும் பங்குண்டு. டிஎன்ஏவை நகலெடுக்கும் டாக் நொதிக்கு உகந்தது 75-80 டிகிரி என்றாலும், அறை வெப்பத்திலேயே மெதுவாக வேலையை ஆரம்பித்துவிடும். சித்திரை மாதத்தில் ஏசி இல்லாத லேபில் டியூபை மேசையில் வைத்துக் கலக்கினால், மெஷினுக்குள் போகும் முன்பே டைமர் உருவாக வாய்ப்புண்டு. ஐஸில் வைத்துக் கலக்குங்கள். மெஷினின் பிளாக் (டியூப் வைக்கும் உலோகப் பகுதி) 95 டிகிரியைத் தொட்ட பிறகு டியூபை வையுங்கள். ஹாட் ஸ்டார்ட் டாக் (நன்றாகச் சூடாக்கும்வரை வேலை செய்யாத வகை) கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் அதில் சில வகை 2 நிமிடத்தில் விழிக்கும், சில வகைக்கு 10 நிமிடத்துக்கு மேல் வேண்டும். கூட வரும் தாளைப் படித்துவிட்டே ப்ரோக்ராம் போடுங்கள். அப்புறம், இரண்டு ப்ரைமர்களின் 3' முனைகளும் (நகல் நீளத் தொடங்கும் பக்கம்) ஒன்றோடொன்று பொருந்தினால் ஐஸ் மட்டும் காப்பாற்றாது, ப்ரைமரையே மாற்ற வேண்டும்.

டிஎன்ஏவுக்குப் பதில் தண்ணீர் விட்ட டியூப் ஒன்று ஒவ்வொரு ஓட்டத்திலும் இருக்கட்டும். அதிலும் 600-ல் பேண்ட் வந்தால் கலப்படம். வெப்பநிலையோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

தோற்ற ஜெல் படங்களையும் தேதி போட்டு ரெக்கார்டில் ஒட்டுங்கள். வைவாவில் “ஏன் 58?” என்று கேட்டார்கள், கிரேடியன்ட் ஜெல் படத்தைக் காட்டினேன், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.