விண்ணப்பம் போட்ட நாள்

தம்புச் செட்டி தெருவில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் ஒரு நீளப் பேரேடு உண்டு. சிவப்புத் துணி அட்டை. நூல் பிரிந்து, பசை போட்டு மூன்று முறை ஒட்டியாகிவிட்டது. டிரேட்மார்க் எனும் வணிகக் குறிகளின் பதிவுகளை எப்போது புதுப்பிக்க வேண்டும் என்று எழுதிவைக்கும் ஏடு அது. கம்ப்யூட்டரில் நினைவூட்டல் வரும் வசதி வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் மாதத்தின் முதல் வேலைநாளில் அந்த ஏட்டைப் புரட்டாமல் நான் வேறு வேலை தொடங்குவதில்லை. 2005-இல் அதில் நான் எழுதிய ஒரு வரிதான் காரணம்.

நான் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. வடசென்னையில் மசாலாப்பொடி தயாரிக்கும் ஒருவருடைய பதிவுச் சான்றிதழ் தபாலில் வந்தது. 1998 ஜூலையில் போட்ட விண்ணப்பத்துக்கு ஏழு ஆண்டு கழித்துச் சான்றிதழ். அந்த நாளில் அது அதிசயமில்லை. முத்திரையிட்ட தேதி 2005 என்று கீழே இருந்தது. பத்து ஆண்டைக் கூட்டி, ஏட்டில் 2015 என்று எழுதினேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சீனியர் பாராட்டவும் செய்தார்.

சட்டம் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. சான்றிதழ் எப்போது கைக்கு வந்தாலும், விண்ணப்பம் போட்ட நாளிலேயே பதிவானதாகத்தான் அது கொள்கிறது. பத்து ஆண்டும் அன்றிலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகிறது. அந்த மசாலாக்காரரின் பதிவு 2008 ஜூலையிலேயே முடிந்துவிட்டது. நான் அதைக் கண்டது 2010-இல், வேறு வேலையாக அந்தக் கட்டைப் பிரித்தபோது. ஏட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சீனியர் அறைக்குள் போனேன். கால் நடுங்கியது இன்றும் நினைவிருக்கிறது. அவர் சத்தம் போடவில்லை.

"தம்பி, விண்ணப்பம் போட்ட நாள்தான் பிறந்த நாள். சான்றிதழ் வருவது பெயர் வைக்கிற நாள் மாதிரி. வயதை எதிலிருந்து எண்ணுவாய்?"

அன்று மாலையே அவர் வாடிக்கையாளரின் வீட்டுக்கு நேரில் போய், தவறு எங்களுடையது என்று சொன்னார். கெடு முடிந்து ஓராண்டு தாண்டிவிட்டால் பழைய எண்ணை மீட்க டிரேட்மார்க் பதிவகத்தில் வழியில்லை. புதிய விண்ணப்பம் போட்டோம். கட்டணம் முழுவதையும் சீனியரே ஏற்றார். இடைப்பட்ட காலத்தில் ஏறக்குறைய அதே பெயரில் இன்னொருவர் விண்ணப்பித்திருந்தார். எதிர்ப்பு மனு, பதில் மனு, பழைய பில்கள், பழைய லேபிள்கள் என்று அது வருடக்கணக்கில் இழுத்தது. தன் தந்தை காலத்துப் பெயர் தன்னுடையதுதான் என்று அந்த மனிதர் மறுபடியும் நிரூபிக்க வேண்டியிருந்தது. ஏட்டை என்னிடமிருந்து வாங்கிவிடுவார் என்று நினைத்திருந்தேன். சீனியர் அதை என் மேசையிலேயே விட்டுவைத்தார்.

ஏட்டின் முற்பகுதி எனக்கு மிகப் பிடிக்கும். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பதிவின் ஆயுள் ஏழு ஆண்டு. 1999-இல் நிறைவேறிய இன்றைய சட்டம் 2003 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தபோது அது பத்தாயிற்று. ஒரு தீப்பெட்டி லேபிளின் பக்கத்தில் 1961 நவம்பர் என்று தொடங்கி 1968, 1975, 1982, 1989, 1996, 2003 என்று ஏழேழாக இறங்கிவந்து, பிறகு 2013, 2023 என்று பத்துப் பத்தாக நடக்கும். மூன்று பேருடைய கையெழுத்து. மூன்று வகை மை. காப்புரிமைக்கு இருபது ஆண்டு. ஒரு நாவலின் பதிப்புரிமை ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டில் தீர்ந்துவிடும். டிரேட்மார்க்குக்கு மட்டும் கடைசித் தேதி என்று ஒன்று கிடையாது. பத்து ஆண்டுக்கு ஒருமுறை யாராவது ஒருவர் நினைவு வைத்துக்கொண்டால் போதும், அது தலைமுறை தாண்டியும் இருக்கும். அந்த 'யாராவது ஒருவர்' யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இத்தனை ஆண்டில், பணம் இல்லாததால் புதுப்பிக்காமல் விட்டவர் என்று ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. பெரியவர் காலமாகியிருப்பார்; பிள்ளைகளுக்குத் தேதி தெரியாது. கடை வேறு தெருவுக்கு மாறியிருக்கும். பதிவகத்தில் பழைய முகவரியே இருக்கும். கூட்டாளிகள் பிரிந்திருப்பார்கள், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருவருமே நினைத்திருப்பார்கள். பத்து ஆண்டு என்பது சட்டத்துக்குச் சிறிய காலம், ஒரு குடும்பத்துக்கு மிக நீளம்.

2017-ஐ மறக்க முடியாது. ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. பாக்கெட்டில் அடைத்து, பதிவு பெற்ற பிராண்ட் பெயரில் விற்கும் அரிசிக்கும் பருப்புக்கும் மாவுக்கும் 5 சதவீத வரி. பதிவில்லாத பெயருக்கு அன்று வரி இல்லை. அரிசி வியாபாரிகள் வரிசையாகப் போன் செய்து, பதிவை எடுத்துவிட முடியுமா, புதுப்பிக்காமல் விட்டால் தானாகப் போய்விடுமா என்று கேட்டார்கள். பிற்பாடு, மே 15 அன்று பதிவில் இருந்த பெயர் என்றால் அதன் பிறகு நீக்கினாலும் வரி உண்டு என்று அரசு அறிவித்தது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். லாபம் கிலோவுக்குச் சில ரூபாய்தான் நிற்கிற தொழில். ஆனால் அப்பாவும் தாத்தாவும் மூட்டை மூட்டையாகச் சுமந்து நிலைநாட்டிய பெயரை எப்படி அழிப்பது என்று கேட்ட அந்தக் குரல்கள் என்னை மிகவும் வருத்தின.

அதே ஆண்டு, தீபாவளி முடிந்த திங்கட்கிழமை, அக்டோபர் 23, ஓர் அம்மா வந்தார். திருவல்லிக்கேணியில் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்துத் தரும் கடை. பழைய வேட்டியில் சுற்றி எதையோ கொண்டுவந்திருந்தார். பிரித்தால், கண்ணாடிச் சட்டம் போட்ட பதிவுச் சான்றிதழ். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் கண்ணாடியின் நான்கு மூலையிலும் காய்ந்திருந்தன. சட்டத்தைத் தூக்கியபோது வறுத்த கொட்டையின் வாசனை வந்தது.

அவருடைய மகன் காப்பித்தூளை இணையத்தில் விற்க முயன்றிருக்கிறான். பதிவு எண்ணைக் கேட்டிருக்கிறார்கள். எண்ணை அடித்துப் பார்த்தால், பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது என்று வந்திருக்கிறது.

"2010-இல் கொடுத்தது சார். 2020 வரைக்கும் இருக்கிறது அல்லவா?" என்றார்.

முத்திரையிட்ட தேதி 2010 மார்ச் என்று தெளிவாகத் தெரிந்தது. மேலே, எண்ணுக்குப் பக்கத்தில், 2006 நவம்பர் 14. மேலே முதலில் குறிப்பிட்ட தேதியிலிருந்து பத்து ஆண்டுக்குப் பதிவு செல்லும் என்று சான்றிதழின் அடியில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டவர் வைத்த தங்கநிற அட்டை அந்த வரியைச் சரியாக மறைத்திருந்தது. ஏழு ஆண்டும் அவர்கள் அதைக் கும்பிட்டிருக்கிறார்கள், படிக்க முடிந்ததில்லை.

2005-இல் நான் செய்த அதே தவறு. என்னால் உடனே பேச முடியவில்லை.

கணக்குப் போட்டேன். 2016 நவம்பர் 14-இல் பத்து ஆண்டு முடிந்தது. அதற்குப் பிறகு ஆறு மாதம், அதாவது 2017 மே 14 வரை, கூடுதல் கட்டணத்தோடு புதுப்பிக்கலாம், அதுவும் போயிற்று. ஆறு மாதத்துக்கு மேல், ஓராண்டுக்குள் என்றால் மீட்பு மனு போடலாம். அந்த ஓராண்டு முடிய 22 நாள் இருந்தது. இன்னொரு ஆறுதலும் உண்டு. நீக்கிய பிறகும் ஓராண்டுக்கு, வேறு யாராவது அதே பெயருக்கு விண்ணப்பித்தால், நீக்கிய குறி பதிவேட்டில் இருப்பதாகவே கொள்ளப்படும். நீக்குவதற்கு முந்தைய இரண்டு ஆண்டும் உண்மையாக வியாபாரத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. கடை ஒருநாளும் மூடியதில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. பதிவு அந்த அம்மாவுடைய அப்பாவின் பெயரில். அவர் 2014-இல் காலமாகிவிட்டார். அவருக்குப் பதிவு வாங்கித் தந்த முகவரும் அலுவலகத்தை மூடிவிட்டார். கெடு முடிவதற்கு முன் பதிவகம் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். அப்போது அதற்கு ஓ-3 என்று பெயர், இப்போது ஆர்ஜி-3. அந்த அறிவிப்பு அனுப்பாமல் நீக்கியது செல்லாது என்று மும்பை, டெல்லி உயர் நீதிமன்றங்கள் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. நேரம் தவறியவர்களுக்கு அது ஒரு வழிதான். ஆனால் வழக்கு என்றால் வருடங்கள். கையில் 22 நாள் இருக்கும்போது அந்த வழியைப் பற்றி ஏன் யோசிக்க வேண்டும்?

வங்கிக் கணக்குக்காக 2014-லேயே வாரிசுச் சான்றிதழ் வாங்கியிருந்தார்கள். அது பெரிய உதவி. அவருடைய தாயாருக்கு உடம்பு முடியவில்லை. நானே திருவல்லிக்கேணிக்குப் போய் அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினேன். அவருடைய தம்பி கோயம்புத்தூரில். அக்காவின் பெயருக்கு மாற்றச் சம்மதம் என்று முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரியிடம் சான்று வாங்கிக் கூரியரில் அனுப்ப அவருக்கு ஒன்பது நாள் ஆயிற்று. ஒவ்வொரு மாலையும் அந்த அம்மா போன் செய்வார். "வந்ததா சார்?" அவ்வளவுதான் கேட்பார்.

நவம்பர் 9 அன்று, மீட்புக்கான டிஎம்-ஆர் படிவத்தையும், உரிமை மாற்றத்துக்கான டிஎம்-பி படிவத்தையும் ஒன்றாக ஆன்லைனில் போட்டோம். மீட்புக்கு 9,000, புதுப்பிப்புக்கு 9,000. உரிய காலத்தில் செய்திருந்தால் புதுப்பிப்புக் கட்டணம் மட்டும் போதும்; 2017 மார்ச்சில் புதிய விதிகள் வருவதற்கு முன்னால் அதுவும் 5,000தான். மீட்பு என்பது பணம் கட்டியவுடன் கிடைத்துவிடும் உரிமையும் இல்லை. மீட்பது நியாயம் என்று பதிவாளருக்குத் தோன்ற வேண்டும். அப்பாவின் இறப்புச் சான்றிதழையும் மூன்று ஆண்டு விற்பனைக் கணக்கையும் வைத்து விளக்கம் எழுதினேன். எத்தனையோ மனுக்கள் எழுதியிருக்கிறேன். அதை எழுதியதைப் போல் பார்த்துப் பார்த்து வேறெதையும் எழுதியதில்லை.

எல்லாம் முடித்துக் கிளம்பும்போது அந்த அம்மா கேட்டார்: "என் பெயருக்கு மாற்றினால் அப்பா பெயர் போய்விடுமா சார்?"

"போகாது அம்மா. முதலில் யார் பெயரில் இருந்தது, எப்போது யாருக்கு வந்தது எல்லாம் பதிவேட்டிலேயே இருக்கும்" என்றேன். கண்ணாடிச் சட்டத்தை மறுபடியும் வேட்டியில் சுற்றிக்கொண்டார். சில மாதங்கள் கழித்து மீட்பு ஆணை வந்தது. எண் மாறவில்லை.

அதற்குப் பிறகு, புதிதாக வருகிறவர்களிடம் நான் இதையெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். கெடுவுக்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்கலாம்; கடைசி மாதம் வரை காத்திருக்க வேண்டாம். படிவம் டிஎம்-ஆர், ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு பொருள் பிரிவுக்கு, 9,000. காப்பித்தூள் 30-ஆம் வகுப்பு, ஊறுகாய் 29, இரண்டையும் விற்றால் இரண்டு கட்டணம். முதல் விண்ணப்பத்தில் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் கிடைக்கும் பாதிக் கட்டணச் சலுகை புதுப்பிப்பில் கிடையாது. எனக்கு இதில் நெடுநாள் வருத்தம் உண்டு. இட்லிப்பொடி விற்கும் பெண்மணியும் பெரிய கம்பெனியும் ஒரே தொகையைக் கட்டுவது சரியாகப் படவில்லை. முகவரி மாறினால் பதிவகத்திலும் மாற்றுங்கள் என்பதை மட்டும் இரண்டு முறை சொல்வேன்.

தோல் பொருள் ஏற்றுமதி செய்கிற ஒருவர், இங்கே பத்து ஆண்டு என்பதால் அமெரிக்காவிலும் அப்படித்தான் என்று இருந்துவிட்டார். அங்கே ஐந்தாம் ஆண்டு முடிந்து ஆறாம் ஆண்டுக்குள், குறி புழக்கத்தில் இருக்கிறது என்று உறுதிமொழி தர வேண்டும். இல்லாவிட்டால் பதிவு போய்விடும். நம் ஊரில் புதுப்பிக்க அப்படி எந்தச் சான்றும் கேட்பதில்லை. அதனால் விற்காத பெயரைப் புதுப்பித்தே வைத்திருக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஐந்து ஆண்டுக்கு மேல் பயன்படுத்தாமல் கிடக்கும் குறியை நீக்கச் சொல்லி அடுத்தவர் மனுப் போடலாம். கட்டிய கட்டணம் அதைக் காப்பாற்றாது.

போலிக் கடிதங்கள் பற்றியும் எச்சரிக்கிறேன். அரசு முத்திரை போல ஏதோ ஒன்றை அச்சிட்டு, உங்கள் பதிவு முடியப்போகிறது, உடனே பணம் அனுப்புங்கள் என்று வெளிநாட்டு முகவரியிலிருந்து வரும். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் பயந்துபோய்ப் பணத்தை அனுப்பிவிட்டு, பிறகுதான் கடிதத்தை எங்களிடம் காட்டினார். அந்தப் பணம் திரும்பவே இல்லை.

2025 நவம்பர் 14, வெள்ளிக்கிழமை. காலை ஒன்பதரைக்கு அலுவலகத்தைத் திறந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது.

"இன்றிலிருந்து போடலாம் இல்லையா சார்?"

கண்ணாடிச் சட்டத்தின் பின்பக்கம் தேதியை எழுதி ஒட்டியிருப்பதாகச் சொன்னார். அன்று பிற்பகலே விண்ணப்பம் போயிற்று. ஏட்டை எடுத்து, காப்பிக் கடையின் வரியில் 2036 நவம்பர் 14 என்று எழுதினேன். தொடர்புக்கு உரியவர் என்ற கட்டத்துக்கு வந்ததும், யாருடைய எண்ணைப் போடட்டும் என்று கேட்டேன். மகனுடையதைச் சொன்னார். பத்து இலக்கத்தையும் எழுதி, சரிதானா என்று ஒருமுறை திரும்பப் படித்துக் காட்டினேன்.